அரைத் தம்ளர்

கடல்தான் ஊருக்குள் வந்தது என்று
வெளியில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.
நோத்தோவில் எங்கள் துறையில்
அப்படி நடக்கவில்லை.
புத்தாண்டு அன்று மாலை நாலு மணிக்குமேல்
நிலம் இரண்டு ஆள் உயரம் எழுந்து நின்றது.
பிறகு உட்காரவே இல்லை.

கணவாய் பிடிக்கும் எங்கள் படகு
தண்ணீரில்லாத துறைமுகத்தில்
ஒருக்களித்துக் கிடக்கிறது.
கம்பியில் தொங்கும் விளக்குகளில்
ஒன்றுகூட உடையவில்லை.
அதன் அடிவயிற்றை அன்றுதான் பார்த்தேன்:
சிவப்புச் சாயம், சிப்பி ஒட்டிய தழும்புகள்.
இரண்டு வருடம் அதன் முதுகில் நின்றவன்
பார்க்கக் கூடாததைப் பார்த்ததுபோல்
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதலாளி ஹமாதானி ஏணி வைத்து இறங்கி
கடல் இருந்த இடத்தில் நடந்தார்.
போன வருடம் நான் தவறவிட்ட ஸ்பேனர்
சேற்றில் அவர் காலில் தட்டுப்பட்டது.
அதற்காக அன்று ஒரு வாரம் திட்டியவர்,
சட்டையில் துடைத்து
என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பயிற்சி விசாவில் வந்தவன் நான்.
எனக்குத் தெரிந்த ஜப்பான் பாஷை
மீன்களின் பெயர், கயிறுகளின் பெயர்,
இழு, விடு, சீக்கிரம்.
இப்போது நாக்கு வேறு சொல் பழகுகிறது.
தன்சுய்: குழாயைத் திருகிப் பயனில்லை.
யோஷின்: பூமி இன்னும் பேசி முடிக்கவில்லை.
வாசலில் ஒட்டிய சிவப்புத் தாளைத்
தர்சிம் போனில் காட்டி மொழிபெயர்த்தான்.
உள்ளே போவது ஆபத்து.
உள்ளேதான் எங்கள் அரிசி மூட்டையும்
அவன் நிச்சயதார்த்தச் சட்டையும் இருந்தன.

காலை ஐந்துக்கு ஓடையிலிருந்து ஆறு வாளி,
கழிப்பறைக்கு.
பத்துக்கு லாரி வரும், குடிக்க.
ஒளுச் செய்ய ஒரு தம்ளர் போதும் என்று
தர்சிம் கண்டுபிடித்தான்,
அவசரப்படாமல் ஊற்றினால்.
வாரம் ஒருநாள் ராணுவக் கூடாரத்தில்
வெந்நீர்த் தொட்டி.
பிறந்த மேனியாய் ஊரே இறங்கிய தொட்டியில்
அவன் கடைசிவரை துண்டை அவிழ்க்கவில்லை.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
தபால்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மூச்சடக்கிச் சிப்பி எடுக்கும் சயோகோ
வெளுத்துக் காய்ந்த பாறைகள்மேல்
செருப்புக் காலோடு ஏறி நிற்கிறார்.
"இது நாற்பது வினாடி" என்கிறார்.
கொஞ்சம் தள்ளி,
"இது ஒரு நிமிஷம். இந்த இடுக்கில்
கை மாட்டிச் செத்துப்போக இருந்தேன்."
இடுக்கில் இப்போது
ஒரு பிளாஸ்டிக் மூடி கிடக்கிறது.
நாற்றம் தாங்காமல்
நாங்கள் மூக்கைப் பொத்துகிறோம்.
அவர் பொத்தவில்லை.

"படகு எப்போது கிளம்பும்?" அம்மா கேட்கிறாள்.
"கடல் வந்ததும்" என்கிறேன்.
சிரிக்கிறாள், கிண்டல் என்று.
பணம் மட்டும் நிற்கவில்லை.
ஓடு பொறுக்குகிறேன், சுவர் உடைக்கிறேன்,
அடுத்தவர் வீட்டு ஈரப் பாய்களை
இரண்டிரண்டாய்த் தோளில் தூக்குகிறேன்.

இரவில் தலைமாட்டில்
அரைத் தம்ளர் தண்ணீர் வைப்போம்.
ஆடுவது தரையா உடம்பா என்று அது சொல்லும்.
படகில் கிடந்த உடம்பு,
அதன் சாட்சியை ஏற்க முடியாது.
லாரி வராத நாளிலும்
அந்தத் தண்ணீரை நாங்கள் தொட்டதில்லை.

மே மாதம் குழாயில் செம்மண் நிறத்தில் வந்தது,
பிறகு தெளிந்தது.
தற்காலிக வீடு கிடைத்தது,
சாவி எண் பதினேழு.
செப்டம்பரில் மழை,
ஆறு அந்த வீட்டுக்குள்ளும் ஏறியது.
மறுபடி வாளி, மறுபடி வரிசை.
அதை எழுத எனக்கு அலுப்பாக இருக்கிறது.

நேற்று நடு இரவில் தொண்டை வறண்டு விழித்தேன்.
இருட்டில் கை நீட்டி
ஒரே மூச்சில் குடித்துவிட்டுப்
புரண்டு படுத்தேன்.

காலையில் தர்சிம்
காலித் தம்ளரைத் தூக்கிப் பார்த்தான்.
"ராத்திரி ஆடியதா?"
தெரியாது என்றேன்.